மேற்படி எழுதிய கடிதம்

எங்கள் பள்ளி அலுவலகத்து எழுத்தர் அம்மாளுக்கு ஆசிரியர் அறையில் வழங்கிய பெயர் ‘மேற்படி’. வைத்தவன் நான்தான். மேல் வரியில் எழுதியதையே கீழ் வரியிலும் எழுத வேண்டி வந்தால், அந்த ஒரு சொல்லைப் போட்டுப் பக்கத்தை நிரப்பிவிடுவார். இருப்புப் பட்டியலில் நாற்காலி, அதன்கீழ் மேற்படி, மேற்படி. விடுப்புப் பதிவேட்டில் காய்ச்சல், மேற்படி, மேற்படி. “மேற்படி வந்தாச்சா?” என்று நான் கேட்டால் அறை முழுவதும் சிரிக்கும். அவர் காதிலும் விழுந்திருக்கும். காட்டிக்கொள்ள மாட்டார். நான் அங்கே கணக்கு வாத்தியாராகப் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவன். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்பதை என் மனைவியும் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் இருந்த சரிவான இடத்துக்கு ஒரு கதவு போட்டிருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் தலையைக் குனிந்துதான் போக வேண்டும். ஒரு மேசை, இரும்பு அலமாரி இரண்டு, பெற்றோர் உட்கார ஒரு பெஞ்சு. ஓர் அலமாரி, கீழே உதைத்தால்தான் திறக்கும். அந்த உதையை எவ்வளவு பலமாக, எந்த இடத்தில் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். மணி அடித்ததும் பிள்ளைகள் தலைக்கு மேலே தடதடவென்று இறங்குவார்கள். அவர் பேனாவை எடுத்துவிட்டுக் காத்திருந்து, சத்தம் அடங்கியதும் விட்ட எழுத்திலிருந்து தொடங்குவார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவர் எழுதிக் கொடுத்த மாற்றுச் சான்றிதழைச் சட்டம் போட்டு வைக்கலாம் என்று ஒரு தகப்பனார் சொன்னதை நானே கேட்டேன்.

அவர் வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருஷம், எங்கள் பள்ளிக்கு வந்து பதினொரு வருஷம். கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது. முதலில் இருப்பவர் அந்த வருஷம் ஓய்வு பெறுகிறார், அடுத்தது இவர். மாவட்ட அலுவலகத்தில் நிமிர்ந்து நடந்து போகிற கதவும் சன்னலும் உள்ள ஒரு தனி அறை. அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த அறைக்கு மட்டும் ஆசைப்பட்டார். அவருடைய வீட்டுக்காரர் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். துணி வெட்டிக்கொண்டே, வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம், என் வீட்டுக்காரி அடுத்த வருஷம் ஆபீசராகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சட்டை தைக்கக் கொடுக்கப் போனபோதும் சொன்னார்.

இனி பின்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் பின்பக்கக் கட்டடத்தில் நடந்தன. மேல்தளத்தில் இருந்த அறிவியல் கூடத்தைப் பூட்டி ஆறு வருஷம் ஆயிற்று. மழை பெய்தால் கீழே வகுப்பில் மூன்று வாளிகள் வைப்போம். எந்த வாளி எங்கே என்பது பிள்ளைகளுக்கே மனப்பாடம். கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும். ஒரு தடவை கரும்பலகைக்கும் எனக்கும் நடுவில் விழுந்தது. அரை அடி தள்ளியிருந்தால் இதை எழுத நான் இல்லை.

மாநில அரசு ஆண்டுதோறும் பள்ளிக் கட்டடங்களுக்கு மானியம் கொடுக்கிறது. நாங்களும் ஏழு தடவை விண்ணப்பம் போட்டோம். ஏழு தடவையும் ‘பரிசீலிக்க இயலாது’ என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. அதைப் படித்துவிட்டு நாங்கள் அரசாங்கத்தைத் திட்டாத திட்டு இல்லை. ஆட்களைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்றோம், சிபாரிசு இல்லாதவனுக்கு ஒன்றும் நடக்காது என்றோம். நான் ஒரு படி மேலே போய்ப் பத்திரிகைக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதினேன். அது வெளிவந்தது. வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன். ஏன் இயலாது என்று போய்க் கேட்க வேண்டும் என எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் மாவட்டத்திலிருந்து ஒரு தாள் வந்தது. பின்கட்டில் இனி வகுப்பு நடத்துவது ஆபத்து. அடுத்த கல்வியாண்டுக்குள் சீர் செய்யாவிட்டால் ஒன்பதும் பத்தும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கு மாற்றப்படும். அந்தப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னதும் ஒரு தாய் எழுந்து, அப்படியானால் என் பெண் எட்டாவதோடு போதும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை; கணக்கு முடித்த மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்தடுத்து நாலைந்து பேர் தலையாட்டினார்கள். கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த மேற்படியின் பேனா அந்த இடத்தில் நின்றதைப் பார்த்தேன்.

மறுநாளே அவர் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தலைநகருக்கு ரயில் ஏறினார். மானியப் பிரிவைத் தேடிக் கண்டுபிடித்து, மூன்று மேசை தாண்டி, பிரிவு அலுவலர் முன்னால் போய் நின்று, எங்கள் விண்ணப்பத்தில் என்ன குறை என்று கேட்டிருக்கிறார். அலுவலர் நல்ல மனிதர் போலிருக்கிறது. எரிந்து விழாமல் கோப்பை எடுத்து, அதை இவர் பக்கமாகத் திருப்பி வைத்தாராம்.

ஒவ்வொரு பள்ளியும் வருஷா வருஷம் கட்டட நிலை அறிக்கை என்று ஒன்று அனுப்பும். முப்பத்து நான்கு வரிசைகள். முன்கட்டு, பின்கட்டு, கூரை, தரை, குழாய், கழிப்பறை என்று ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் நிலையை எழுத வேண்டும். எங்கள் பள்ளி அறிக்கையில் முதல் வரிசையில் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று இருந்தது. அதற்குக் கீழே முப்பத்து மூன்று மேற்படி. அதற்கு முந்தைய வருஷத்திலும் அப்படியே. பதினொரு வருஷத்துத் தாளையும் எழுத்தர் புரட்டிப் பார்த்தாராம். எல்லாம் அதே அச்சுக் கையெழுத்து. புயலில் விழுந்து, இரும்புக் கடைக்குப் போட்டுவிட்ட சைக்கிள் கொட்டகைகூட எட்டு வருஷமாக நல்ல நிலையில் இருந்தது.

“உங்க கட்டடம் நல்லா இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் நாங்க எதுக்கும்மா பணம் குடுக்கணும்?” என்று அலுவலர் கேட்டிருக்கிறார்.

அது எப்படி நடந்தது என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் புரியும். எழுத்தர் எங்கள் பள்ளிக்கு வந்த முதல் வருஷம், முன்னால் இருந்தவர் போகும்போது, போன வருஷத்துத் தாளைப் பார்த்து எழுதிவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். தலைமையாசிரியர்களுக்கும் அதுதான் சௌகரியம். பழுது என்று எழுதினால், ஏன் பழுதாக விட்டாய் என்று ஆய்வுக்கு ஆள் வரும். நன்றாக இருக்கிறது என்று எழுதினால் ஒரு தொல்லையும் இல்லை. எனவே மானியம் கேட்கிற தாளில் கட்டடம் இடிந்துகொண்டிருந்தது, நிலையைச் சொல்கிற தாளில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. இரண்டையும் எழுதியது ஒரே கை. இரண்டு தாளும் ஓரிடத்தில் சந்திக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

இதை அவர் திரும்பி வந்து தலைமையாசிரியை அறையில் சொன்னபோது நானும் இருந்தேன். கட்டடக் குழு உறுப்பினர் என்ற முறையில் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அறிக்கைகளில் நாலைந்தில் உறுப்பினர் என்று என் கையெழுத்தும் உண்டு. மதிய இடைவேளையில், தேநீர்க் கோப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, படிக்காமல் போட்ட கையெழுத்துகள்.

தலைமையாசிரியை எழுந்து கதவைச் சாத்தினார். அவர் பள்ளிக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கெட்டவர் இல்லை, பயந்தவர். இந்த வருஷ மழையில் திடீரென்று பழுதாகிவிட்டது என்று எழுதிவிட்டால் பழைய தாள்களைத் தோண்ட வேண்டாமே என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தலையாட்டிவிட்டேன்.

“மூணு மாச மழையில கம்பி இப்படித் துருப்பிடிக்காது மேடம்,” என்றார் எழுத்தர். “பார்க்க வர்ற பொறியாளருக்குத் தெரியும். அதுவும் இல்லாம, புதுப் பழுதுன்னா வரிசையில கடைசிலதான் நிப்போம். பழைய பழுதுக்குத்தான் முதல்ல குடுப்பாங்களாம். அந்த அலுவலர் விதியை வாசிச்சுக் காட்டினாரு.”

அப்படியானால் பழைய அறிக்கைகள் பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டுமே, யார் ஒத்துக்கொள்வது என்று தலைமையாசிரியை கேட்டார்.

“பதினொரு வருஷத்துல அஞ்சு தலைமையாசிரியர் மாறியாச்சு. எழுதின கை மாறலை. நான் எழுதித் தர்றேன்.”

பதவி உயர்வுப் பட்டியல் வெளிவர அப்போது நாலு மாதம்தான் இருந்தது. அது எங்கள் மூவருக்கும் தெரியும். என் கையெழுத்தும் அந்த அறிக்கைகளில் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பேசுகிற வாய் அன்றைக்கு வரவில்லை. அதற்காக என்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் இருக்கிறது.

பிராயச்சித்தமாக நினைத்துக்கொண்டு, அளவெடுக்கப் போனபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே அலைந்தேன். பள்ளி விட்டதும் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை, ஒன்பது நாள். முப்பத்து நான்கு வரிசையையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். பதினொரு வருஷமாக மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் ஏணியில் ஏறி, டார்ச் அடித்து, கூரைக் கம்பியை விரலால் தடவினார். துரு பொடிப்பொடியாக அவர் கண்ணாடியில் விழுந்தது. துடைத்துக்கொண்டு மறுபடியும் தடவினார். கழிப்பறையில் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எந்த வாசலுக்குக் கதவே இல்லை என்று எண்ணினார். “இதெல்லாம் நான் நல்லா இருக்குன்னு எழுதினது சார்,” என்று ஒரு இடத்தில் சொன்னார். அந்தக் கழிப்பறையில் பெண் பிள்ளைகள் ஒருத்திக்கு ஒருத்தி வாசலில் காவல் நிற்பது எனக்குத் தெரியும். அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எட்டி நின்று நான் டேப்பைச் சுற்றினேன்.

அறிக்கையை என்னிடம் படித்துக் காட்டினார். மேற்படி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ‘பின்கட்டு மேல்தளக் கூரை: வடகிழக்கு மூலையில் பன்னிரண்டு அடி நீளத்துக்குக் காரை இல்லை, கம்பி தெரிகிறது.’ ‘சைக்கிள் கொட்டகை: இல்லை.’ இப்படி முப்பத்து நான்கும். எனக்கு இது போதவில்லை. பத்திரிகையில் எழுதியவன் அல்லவா? ‘பரிதாபகரமான நிலையில்’ என்று ஓரிடத்திலாவது சேர்க்கச் சொன்னேன்.

“பரிதாபம்னு எழுத இதுல கட்டம் இல்ல சார்,” என்றார்.

கூடவே தனியாக ஒரு கடிதம். அது அரைப் பக்கம்கூட இல்லை. இந்தப் பள்ளியிலிருந்து பதினொரு ஆண்டுகளாக அனுப்பப்பட்ட கட்டட நிலை அறிக்கைகள் உண்மையல்ல. அவற்றைத் தயாரித்தவள் நான். கட்டடத்தைப் பார்க்காமல், முந்தைய ஆண்டுத் தாளைப் பார்த்து எழுதினேன். இத்துடன் உள்ளது நேரில் பார்த்து எழுதியது. அவ்வளவுதான் விஷயம். முன்னால் இருந்த தலைமையாசிரியர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கட்டடக் குழுவைப் பற்றி ஒரு சொல் இல்லை. படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது. தலைமையாசிரியை கடிதத்தின் அடியில் ‘மேலனுப்பப்படுகிறது’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் இதை அவர் தபாலில் சேர்த்த பிறகுதான் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் நாலு நாள் பேசவில்லையாம். ஐந்தாம் நாள், ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே என்றிருக்கிறார். “கேட்டிருந்தா எழுதியிருக்க மாட்டேங்க,” என்று இவர் சொன்னாராம். அதன்பிறகு சட்டை வாங்க நான் கடைக்குப் போனபோது அவரே பேச்சை எடுத்தார். தப்பாக வெட்டிய துணியை அப்படியே தைத்துக் கொடுத்து அனுப்பிவிடலாம், ஆனால் போட்டுப் பார்க்கிறவனுக்குத் தெரிந்துபோகும் சார் என்றார். ஆபீசராகிற பேச்சு அவர் கடையில் அதோடு நின்றது. நான் சட்டையை வாங்கிக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் விசாரணை வந்தது. மாவட்டத்து அதிகாரி தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்து, சன்னல் திறந்திருக்க, எல்லாருக்கும் கேட்கிற குரலில் கேள்வி கேட்டார். யார் சொல்லி அப்படி எழுதினீர்கள் என்று மூன்று விதமாகக் கேட்டார். அவருக்கும் இவரைத் தப்பிக்க விடுகிற எண்ணம் இருந்திருக்க வேண்டும். பழைய தலைமையாசிரியர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போனவர்கள், அவர்கள் தலையில் கட்டிவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மூன்று தடவையும் எழுத்தர் சொன்னது ஒரே பதில்.

“யாரும் சொல்லலை சார். பார்க்காம எழுதினேன்.”

மானிய ஆணை கோடை விடுமுறைக்கு முன்பே வந்துவிட்டது. பின்கட்டுக்கு முழுதாக, கழிப்பறைக்கும் சேர்த்து. அந்த வருஷத்து மானியப் பட்டியலில் நாங்கள் நாலாவது. ஆணை வந்த அதே வாரத்தில் இன்னொரு உறையும் வந்தது. தவறான அறிக்கை அனுப்பியதற்காக எழுத்தருக்கு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு நிறுத்தம்; பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். இரண்டையும் வரவுப் பதிவேட்டில் அவர்தான் பதிந்தார். ஒன்றன்கீழ் ஒன்றாக, அதே அச்சுக் கையெழுத்தில்.

ஆசிரியர் அறையில் அன்றைக்கு நான் எழுந்து நின்று, இனி யாரும் அவரை அந்தப் பெயரில் கூப்பிடக் கூடாது என்றேன். நீதானே வைத்தாய் என்றார்கள். ஆமாம், அதனால்தான் சொல்கிறேன் என்றேன்.

பின்கட்டைத் திறந்து வைத்த நாளில் பெரிய ஆட்கள் எல்லாம் வந்தார்கள். ஆளுக்கு அரைமணி பேசினார்கள். நன்றி சொல்லும்போது கம்பம் நட்டவர் முதல் ஒலிபெருக்கி வைத்தவர் வரை பெயர் வந்தது. எழுத்தர் பெயர் வரவில்லை. எட்டாவதோடு போதும் என்று சொன்ன அந்தத் தாய் கூட்டத்தில் இருந்தார். அவருடைய பெண் ஒன்பதாம் வகுப்பு வரிசையில் நின்றிருந்தாள். எனக்கு மேடையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எழுந்து அலுவலகத்துக்குப் போனேன்.

தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தால், பெஞ்சில் மூன்று பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிகளின் எழுத்தர்கள். இரண்டு பேர் இளம்பெண்கள், ஒருவர் ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிய பெரியவர். மூவர் மடியிலும் பழைய அறிக்கைகள். எட்டிப் பார்த்தேன். முதல் வரிசையில் நல்ல நிலையில் உள்ளது, அதற்குக் கீழே மளமளவென்று மேற்படி. இத்தனை காலம் அது எங்கள் பள்ளியில் மட்டும் நடந்த கூத்து என்று நினைத்திருந்தேன்.

பெண்களில் ஒருத்தி, “உங்க கடிதத்துல ஒரு காப்பி குடுங்கக்கா, பார்த்து எழுதிக்கறோம்,” என்றாள்.

எழுத்தர் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. “பார்த்து எழுதித்தானேம்மா இவ்வளவும் ஆச்சு,” என்றார். “காப்பி தர மாட்டேன். உங்க கூரை என்ன சொல்லுதுன்னு ஏறிப் பாருங்க. அப்புறம் என்ன எழுதணும்னு உங்களுக்கே தெரியும்.”

பெரியவர் மடியில் இருந்த தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்கிற குரலில் கேட்டார். “இத்தனை வயசுக்கு மேல எனக்கு வரவேண்டிய பிரமோஷன் ஒண்ணு இருக்கும்மா. இதை எழுதினா அது போயிடுமா?”

ஏதாவது ஆறுதலாகச் சொல்ல மாட்டாரா என்று எனக்கே இருந்தது.

“போயிடும்,” என்றார்.

மேலே பிள்ளைகள் தடதடவென்று படி இறங்கினார்கள். சத்தம் அடங்கியது. பெரியவர் எழுந்தார். இருட்டுவதற்குள் போனால் கூரையைப் பார்த்துவிடலாம், தங்கள் ஊருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.